கடலால் போய்க் களப்பால் வருதல்

புத்தளம் கரையில் பாறை நிமிர்ந்து நிற்பதில்லை. மண்ணுக்கடியில் படுத்துக் கிடக்கிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஆர்ச்சஸ் தேசியப் பூங்கா என்று ஒன்று உண்டு. காற்றும் நீரும் குடைந்த கல்வளைவுகள் அங்கே 2,000-க்கும் மேல். அந்த வட்டாரத்துச் செம்பாறைகளுக்கிடையே ஓடுகிறவர்களின் படங்களைப் பார்த்து ஆசைப்பட்டு, இலங்கையில் வறண்ட கரை எது என்று விசாரித்து இங்கே வந்து இறங்குகிறவர்கள் முதல்நாள் ஏமாந்துதான் போவார்கள். தென்னை, உடைமரம், காற்றாலை, நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி. இவற்றோடு போட்டி போட ஒரு கல்கூட எழுந்து நிற்கவில்லை.

ஆனால் கல் இல்லாமல் இல்லை. புத்தளத்திலிருந்து மன்னார் வழியாக யாழ்ப்பாணம் வரைக்கும் ஒரே சுண்ணாம்புக்கல் படுகை நீள்கிறது. மயோசீன் காலத்தில், ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, ஆழமற்ற கடலின் அடியில் சிப்பியும் பவளமும் படிந்து இறுகியது அது. அதன்மேல் செம்மண், கரையோரத்தில் வெண்மணல். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் அறுவக்காட்டுக்குப் போகவேண்டும். புத்தளம் சீமெந்து ஆலைக்காகப் பல பத்தாண்டுகளாகத் தோண்டிய குழிகள் அங்கே இருக்கின்றன. வெட்டுமுகத்தில் சிவப்பும் வெளுப்பும் அடுக்கடுக்காகத் தெரியும். பின்னாளில் அதே அறுவக்காட்டுக்குக் கொழும்பின் குப்பையைக் கொண்டுவரத் திட்டம் போட்டார்கள். 2018-இல் புத்தளம் மக்கள் அதை எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள். சீமெந்தாகப் போன கல் குப்பையாகத் திரும்பி வருவதும் ஒரு சுற்றுத்தான். ஓடுகிறவன் தேடி வருகிற சுற்று அது அல்ல.

பாலைவனம் என்ற பட்டத்தையும் இந்தக் கரைக்குக் கொடுக்க முடியாது. ஆண்டுக்கு 250 மில்லிமீற்றருக்குக் குறைவாக மழை பெய்யும் நிலத்தைப் பாலைவனம் என்பது வழக்கம். புத்தளத்தில் அதைப்போல நாலைந்து மடங்கு பெய்கிறது. பெய்கிற விதத்தில்தான் சிக்கல். ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிட்டு, வைகாசியிலிருந்து புரட்டாசி வரை வானம் கதவைச் சாத்திவிடும். அந்த மாதங்களில்தான் தென்மேற்குப் பருவக்காற்று கொழும்பிலும் இரத்தினபுரியிலும் மலைநாட்டிலும் அடைமழையாக இறங்குகிறது. இங்கேயும் அதே பருவத்தின் காற்று வருகிறது. தூக்கி நிறுத்த மலை இல்லாத தட்டை நிலத்தில் அது ஈரத்தை விடாமல் மணலை மட்டும் வாரிக்கொண்டு கடந்து போகிறது. கச்சான் என்கிற அந்தக் காற்றை நம்பித்தான் இப்போது கற்பிட்டிக்குக் காற்றாடிச் சறுக்குக்காரர்கள் உலகம் முழுவதிலுமிருந்து வருகிறார்கள். வெங்காயத் தோட்டக்காரருக்கு அது வேறு செய்தி.

கல் கொஞ்சமாவது எழுந்து நிற்கும் ஒரே இடம் குதிரைமலை. பெயரில்தான் மலை, உண்மையில் வில்பத்துக் காட்டின் மேற்கு ஓரத்தில் கடலுக்குள் மூக்கை நீட்டிய ஒரு மேடு. கடல் அரித்த செங்குத்தான கரை, மேலே செம்பு நிறத்தில் மண். நேரெதிரே, மன்னார் வளைகுடாவுக்கு அப்பால், தூத்துக்குடி மாவட்டத்தின் தேரிக்காடுகளிலும் இதே சிவப்புத்தான். காற்று கொண்டுவந்து குவித்து, இரும்பு துருவேறிச் சிவந்த பழம் மணல் மேடுகள் அவை. அந்தத் தேரிகளில் கிடைத்த சிறு கற்கருவிகளைப் பற்றி ஸொய்னரும் பிரிட்ஜெற் ஆல்ச்சினும் 1956-இல் எழுதினார்கள். குதிரைமலைக்குத் தெற்கே பொம்பரிப்பில் 1970-இல் விமலா பெக்லியின் குழு அகழ்ந்த தாழிகளைப் பார்த்தவர்களுக்கு அதே தூத்துக்குடி மாவட்டத்து ஆதிச்சநல்லூர் நினைவுக்கு வராமல் போகாது. ஒரே மண், ஒரே மாதிரித் தாழி, நடுவில் கொஞ்சம் தண்ணீர். முத்துக்குளிப்புக் கரையை ஆண்ட அல்லி அரசாணியின் கோட்டை இங்கேதான் இருந்தது என்பது கரையோரத்துக் கதை. குதிரைச் சிலையின் மிச்சம் என்று சில கட்டடச் சிதைவுகளையும் காட்டுவார்கள். அது குதிரையின் காலா, சுவரின் காலா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. காட்டுகிறவரின் நம்பிக்கையைக் குறுக்கே போய்க் கெடுக்கவும் மனமில்லை.

செம்மண், முட்புதர், கரடு, கடல் விளிம்பு: ஓட்டக்காரன் கேட்கிற எல்லாமே குதிரைமலையில் இருக்கிறது. ஓட மட்டும் முடியாது. வில்பத்து 1938-இலிருந்து தேசியப் பூங்கா. குறித்த இடங்கள் தவிர வாகனத்தைவிட்டு இறங்கக்கூடாது. இந்த விதி எனக்குச் சம்மதம். பாலைப்பழம் பழுக்கும் மாதங்களில் கரடிகள் மரத்தடிகளில் கூடும். பழத்தில் ஆழ்ந்திருக்கிற கரடிமேல், காதில் பாட்டை மாட்டிக்கொண்டு வளைவில் திரும்புகிற ஓட்டக்காரன் போய் மோதுவதில் யாருக்கும் நன்மை இல்லை. இந்தக் காட்டில் ஒரு நெடுந்தூர ஓட்டப் போட்டி வைத்தால் சுற்றுலா வளருமே என்று ஒருவர் என்னிடம் ஆர்வமாகச் சொன்னார். வளரும்தான். காடு தனக்கென்று வைத்திருக்கிற சிறிதளவு அமைதியும் போகும்.

அந்தக் காட்டைக் கால்நடையாகக் கடந்தவர்கள் கதையிலும் இருக்கிறார்கள். நிகால் டி சில்வாவின் ‘த ரோட் ஃப்ரொம் எலிஃபன்ட் பாஸ்’ என்ற ஆங்கில நாவல் 2003-இல் வந்தது. கிரேஷியன் பரிசும் பெற்றது. ஓர் இராணுவ அதிகாரியும் விடுதலைப் புலிகளைச் சேர்ந்த ஒரு பெண்ணும் போருக்கு நடுவே ஆனையிறவிலிருந்து தெற்கே தப்பி வருகிறார்கள்; வழியில் வில்பத்துக் காட்டையும் நடந்தே கடக்கிறார்கள். நாவல்காரருக்குக் காடு பழக்கம். எதை உண்ணலாம், எங்கே தண்ணீர் நிற்கும், எந்தச் சத்தத்துக்கு நிற்க வேண்டும், எதற்கு ஓட வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. 2006 மே மாதம் அதே வில்பத்துக்குள் வாகனத்தில் போனபோது கண்ணிவெடியில் அகப்பட்டு, உடன் வந்த சிலரோடு அவர் இறந்துபோனார். தன் பாத்திரங்களை உயிரோடு நடத்திக் கடத்திய காட்டைவிட்டு அவர் வெளியே வரவில்லை.

காட்டில் ஓட வழியில்லை, ஆகவே ஓடுவதென்றால் கற்பிட்டிதான். மேற்கே கடல், கிழக்கே களப்பு, நடுவே நாக்கைப்போல நீண்ட மணல் நிலம். கோட்டையடியிலிருந்து புறப்பட்டுக் கண்டக்குழிக் கரையில் இறங்கி, கடலோரமாகத் தெற்கே போய், ஆலங்குடாப் பக்கம் எங்காவது தார்வீதியைக் குறுக்கே கடந்து, களப்போரமாக வடக்கே திரும்பினால் ஒரு சுற்று. அந்தக் கோட்டையை 1667-க்கும் 1676-க்கும் இடையில் ஒல்லாந்தர் கட்டினார்கள். சுவர்களில் முருகைக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும். மண்ணுக்கடியில் படுத்திருந்த கல்லை எழுப்பி நிறுத்திய வேலை இந்தக் கரையில் மனிதனுடையதுதான். இன்று அதைக் கடற்படை வைத்திருக்கிறது.

கடற்பக்கம் ஓடுவதில் ஒரு வித்தை இருக்கிறது. பெருங்கடல்களின் சில கரைகளில் வற்றுப்பெருக்கு பல மீற்றர் ஏறி இறங்கும். வற்றின பிறகு மைதானம்போல ஈரமணல் விரிந்து கிடக்கும். நம் கரையில் அந்த ஏற்ற இறக்கம் ஒரு மீற்றர்கூட இல்லை. கெட்டியான ஈரமணல் ஓர் ஒற்றையடிப் பாதையளவுக்குத்தான் கிடைக்கும். அதுவும் கடலைப் பார்த்துச் சரிந்திருக்கும். ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலுமாக ஓடி ஓடி இடுப்பு ஒருக்களித்துக்கொள்ளும். சரிவு வேண்டாமென்று மேலே ஏறினால் பொடிமணல், அதற்கு மேலே அடம்பன் கொடி காலைப் பின்னும், அதற்கும் மேலே இராவணன் மீசை. காற்றில் உருண்டு வருகிற அந்த முள்ளுருண்டைக்கு ஓட்டக்காரரின் கெண்டைக்கால்மேல் தனிப் பிரியம். களப்புப் பக்கம் வேறு கதை. வெயிலில் வெடித்த உப்புச் சேறு, கண்டல் வேர்கள், 1990-களின் வெண்புள்ளி நோய்க்குப் பிறகு கைவிட்டுப்போன இறால் குளங்களின் வரம்புகள். சப்பாத்தின் அடியைத் துளைத்து ஏறுகிற உடைமுள்ளும் உண்டு. பாறை இடுக்குகளில் ஓடுகிறவர்கள் கண்ணைத் தரையில் வைத்து ஓடுவதுபோலவே இங்கேயும் ஓடவேண்டும். இங்கே தடுக்குவதெல்லாம் கணுக்காலுக்குக் கீழே என்பதுதான் வித்தியாசம். தெருநாய்களையும் கழுதைகளையும் நான் கணக்கில் எடுக்கவில்லை. புத்தளத்துக் கழுதைகள் மரியாதை தெரிந்தவை. நாம் ஒதுங்கும்வரை அசையாமல் காத்திருக்கும்.

ஒருநாள் காலை கண்டக்குழிக்குத் தெற்கே கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்களைக் கடந்தபோது, கயிற்றின் கடைசியில் நின்ற பெரியவர் கேட்டார்:

“தம்பி, யாரு தொரத்துறாங்க?”

“ஒருத்தரும் இல்ல காக்கா. சும்மா ஓடுறன்.”

“எங்க போய்ச் சேரணும்?”

“சுத்திப்போட்டு கோட்டையடிக்கே வந்துருவன்.”

அவர் கயிற்றை விடாமலே சிரித்தார். “வந்த எடத்துக்கே வாறதுக்கா இவ்வளவு வேர்வ?”

இந்தக் கேள்வியைக் கேட்க அவருக்குத் தகுதி இருக்கிறது. இந்தக் கரையில் கால்கள் ஓடியதெல்லாம் போய்ச் சேருவதற்காக. புறப்பட்ட இடத்துக்கே வருவதற்காக அல்ல. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். மன்னார் தீவிலிருந்து பெரும்பாலோர் வள்ளங்களில் வந்து கற்பிட்டியில் இறங்கினார்கள். இப்போது நான் ஓடுகிற மணலில் குழந்தையை இடுப்பிலும் துணிமூட்டையைத் தலையிலும் வைத்துக்கொண்டு நடந்தவர்கள் அவர்கள். பள்ளிக்கூடங்களிலும் பள்ளிவாசல்களிலும் தங்கி, பிறகு கிடுகுக் குடில்களில் தங்கி, பிறகு கல்வீடு கட்டி, ஒரு தலைமுறை இங்கேயே வளர்ந்துவிட்டது. 2009-க்குப் பிறகு சிலர் திரும்பிப் போனார்கள். பலர் போகவில்லை, போனவர்களிலும் சிலர் இரண்டு ஊருக்கும் நடுவே அலைகிறார்கள். இருபது ஆண்டுக்குப் பிறகு திரும்பிப் போகிறவருக்குப் புறப்பட்ட ஊர் அங்கே இருப்பதில்லை. அந்தப் பெயரில் ஒரு காடு இருக்கிறது, துப்புரவாக்க வேண்டிய கிணறு இருக்கிறது.

அவர்கள் நடந்த மணலில் நான் ஓடுகிறேன்; இரண்டுக்கும் விலை ஒன்றல்ல. பெல்ஜியத்து ஆய்வாளர்களான லெஜூன், வில்லெம்ஸ், ஹெக்லண்ட் மூவரும் மனிதர்களை மணலில் நடக்கவும் ஓடவும் வைத்து, எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்று அளந்து 1998-இல் வெளியிட்டார்கள். கெட்டித் தரையில் அதே வேகத்தில் நடப்பதைவிட மணலில் நடக்க 2.1 முதல் 2.7 மடங்கு வரை ஆற்றல் வேண்டும். ஓடுவதற்கோ 1.6 மடங்குதான். முதன்முதலில் படித்தபோது இலக்கங்கள் இடம் மாறி அச்சாகிவிட்டனவோ என்று நினைத்தேன். மாறவில்லை. கெட்டித் தரையில் நடப்பது சிக்கனமான காரியம். ஊசற்குண்டு ஆடுவதுபோல ஓர் அடியின் ஆற்றலை அடுத்த அடிக்கு உடம்பு கடத்திவிடும். கால் புதையும் மணலில் மணலைத் தள்ளுகிற வேலையும் சேர்ந்து அந்தச் சிக்கனம் குறைந்துவிடுகிறது. ஓட்டத்தில் இழக்க அவ்வளவு இல்லை. மணலின் வரி ஓடுகிறவனைவிட நடக்கிறவனிடம் கூடுதலாக வசூலாகிறது. நடக்கிறவன் என்றால் பெரும்பாலும் சுமையோடு நடக்கிறவன். வெறுங்கையோடு, நல்ல சப்பாத்தோடு, காலைச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவேன் என்ற நிச்சயத்தோடு ஓடுகிறவனுக்கு மணல் சலுகை விலையில் கிடைக்கிறது. ஓட்டக்காரர்கள் தங்கள் துன்பத்தைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள். நானும் இதோ இராவணன் மீசையைப் பற்றிப் புலம்பியாயிற்று. அந்த எழுத்துகளில் இந்தக் கணக்கு வருவதில்லை.

தமிழின் பாலைத்திணை இந்தக் கணக்கை வேறு வழியில் அறிந்திருந்தது. தொல்காப்பியம் பாலைக்குக் கொடுத்த பொழுது வேனிலும் நண்பகலும். ஓட்டக்காரன் தவிர்க்க வேண்டிய நேரம் எதுவோ அதுவே. அந்த நேரத்தில் அந்த நிலத்தில் நடக்கிறவர்கள் பொருள் தேடிப் போகிற கணவர்கள், உடன்போக்கில் போகிற காதலர்கள், மகளைத் தேடிப் போகிற செவிலித்தாய். நிலத்தின் கடுமையைப் பாட்டு எவ்வளவு விரித்தாலும் அதன் கவலை வெயிலைப் பற்றியது அல்ல. போனவர் வருவாரா என்பதுதான் கவலை. தேடிப் போன செவிலி எதிரே வருகிறவர்களை நிறுத்தி விசாரிக்கிறாள், ஆறுதல் சொல்லைக் கேட்டுக்கொள்கிறாள், மகளோடு திரும்புவதில்லை. சுற்றி வந்து புறப்பட்ட இடத்தில் நிற்கிற பாத்திரம் அகப்பாட்டின் பாலையில் எனக்கு நினைவில்லை. அப்படி ஒருவர் இருந்தால் அவருக்குப் பாட்டே தேவைப்பட்டிருக்காது.

சுற்றை முழுமையாக முடித்தவர் என்று இந்தக் கரைக்கு உலகப் புகழ்பெற்ற ஒருவர் இருக்கிறார்: இப்னு பதூதா. 1344-இல் மாலைத்தீவிலிருந்து தமிழகக் கரையான மாபருக்குப் புறப்பட்ட அவருடைய கப்பலைக் காற்று இந்தக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்தது. ஆரியச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்த ‘பத்தாலா’வில் இறங்கினார், அது புத்தளம் என்பது பொதுவான கருத்து. ஆதம் மலையில் இருக்கும் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்று அரசனிடம் கேட்டார். அரசன் ஒரு பல்லக்கும், தூக்க அடிமைகளும், நான்கு யோகிகளும், மூன்று பிராமணர்களும், இன்னும் பத்துப் பேரும், உணவு சுமக்கப் பதினைந்து ஆட்களும் கொடுத்தான். மலைக்குப் போய், தெற்கே தெவிநுவரைக்கு இறங்கி, காலி, கொழும்பு வழியாகப் புத்தளத்துக்கே திரும்பினார், கப்பல்காரர் காத்திருந்தார். நிறைவான சுற்று. ஒரு பாதச்சுவட்டைக் காணப் போன பயணத்தில் வழிநெடுகத் தேய்ந்தவை பல்லக்குத் தூக்கிகளின் பாதங்கள். அவர்களும் புத்தளத்துக்குத் திரும்பியிருப்பார்கள். அதை எழுத அவர்களுக்கு ஆள் இல்லை.

பல்லக்கு இல்லாமல் போனவர்களும் உண்டு. சஹாரா ஓட்டப் போட்டியான மரத்தோன் தே சாப்லை 1986-இல் தொடங்கிய பற்றிக் பாவெர், அதற்கு இரண்டாண்டுக்கு முன் தனியாகத் தன் சுமையைத் தானே தூக்கிக்கொண்டு அந்தப் பாலைவனத்தில் நடந்தவர். அந்த நடைதான் ஏறத்தாழ 250 கிலோமீற்றர் போட்டியாயிற்று. 1994-இல் மௌரோ புரொஸ்பெரி என்ற இத்தாலியர் மணற்புயலில் தடம் தவறி, ஒன்பது நாளுக்கும் மேல் அலைந்து, எல்லை தாண்டி அல்ஜீரியாவில் உயிரோடு கிடைத்தார். மீண்டும் அதே போட்டிக்குப் போனார். இதைத் துணிவு என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவர் போனதற்கு வேறு காரணம் இருக்கும் என்பது என் எண்ணம்: முடியாமல் விட்ட வரியை முடிக்காமல் உறங்க முடியாத சுபாவம். எழுதுகிறவர்களுக்கு அது புரியும்.

சஹாராவை விட்டு நம் கரைக்கு வந்தால், வெறுங்காலுக்குப் புத்தளம் மாவட்டத்தில் இன்னும் மதிப்பு இருக்கிறது. உடப்பில் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்புக்கு நேர்த்தி வைத்தவர்கள் கடற்கரை மணலில் நடந்து பழகிய அதே காலோடு தணலில் இறங்குகிறார்கள். ஓகஸ்ட்டில் தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு நாடு முழுவதிலுமிருந்து சனம் வருகிறது. மன்னாரிலிருந்து கொழும்புக்குக் கரையோரமாக நடந்துபோன ஓர் ஏழைப் போர்த்துக்கேயர் களைத்து மரத்தடியில் தூங்கியதில்தான் அந்தக் கோயிலின் கதை தொடங்குகிறது என்பார்கள். நடந்தவர், களைத்தவர், தூங்கியவர். வேகமாக ஓடியிருந்தால் கோயில் வந்திராது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் நான் ஓடுவதை விடவில்லை. விடத் தேவை இருப்பதாகவும் தோன்றவில்லை. பிறர் துன்பத்தை நினைத்துக் காலைக் கட்டிப்போட்டால் அந்தத் துன்பம் குறையப் போவதில்லை. பெரியவரின் கேள்விக்கு மட்டும் இப்போது ஒரு பதில் வைத்திருக்கிறேன். வந்த இடத்துக்கே வர முடிவது சின்னக் காரியம் இல்லை காக்கா, அதற்குக் கொஞ்சம் வியர்வை கொடுக்கலாம். அடுத்தமுறை அவரைக் கண்டால் சொல்வேனோ தெரியாது. இரண்டு கையாலும் வலையை இழுக்கிறவரை நிறுத்தித் தத்துவம் பேசுவது அழகல்ல. கயிற்றில் ஒரு கை கொடுத்துவிட்டுப் பேசலாம்.

ஓட வருகிறவர்களுக்கு ஒன்றிரண்டு. வெயில் கனக்காத, கச்சான் இன்னும் தொடங்காத தை, மாசி நல்லது. கச்சான் காலத்தில்தான் வரமுடியும் என்றால் விடிய முன்பே தொடங்குங்கள். பத்து மணிக்குப் பிறகு காற்று ஏறிவிடும். தெற்கே போகிற பாதியைக் கடற்பக்கம் வைத்தால் எதிர்க்காற்று உடம்பு புதிதாக இருக்கும்போதே முடிந்துவிடும். களப்பு வழியே வடக்கே வரும்போது அதுவே முதுகில் தள்ளும். கரைவலைக் கயிற்றைத் தாண்டிக் குதிக்காதீர்கள்; சுற்றிப் போங்கள், அல்லது இழுக்கிறவர்கள் சைகை காட்டும்வரை நில்லுங்கள். தண்ணீரைக் கையோடு கொண்டு போங்கள். மணலுக்கடியில் மிதக்கிற மழைநீர்தான் இங்கே நன்னீர். களப்போரத்துக் கிணறுகள் பலவும் ஆடி ஆவணியில் உவர்ப்பு.